பன்னிரண்டாம் பாலுசாமி

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த பாலுசாமிக்குத் தன் பெயரால் ஒரு பிரயோசனம் உண்டு என்பது நாற்பத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரைக்கும் அந்தப் பெயர் ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்ட்டிலும் சும்மா கிடந்தது. தறிக்குடோனில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. இருபத்தோரு வருடம் எட்டுத் தறிகளுக்கு நடுவில் நின்றவனுக்குக் காது எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைத் தெரிந்துகொள்வான்.

அவன் மனைவி சின்னாத்தாள் அதே குடோனில் தறி நாடாவுக்குள் போடும் தாருக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றாறாம் வருடம் சித்திரையில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வைகாசியில் கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்துக்குள் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, மாற்றியாக வேண்டும், மாற்றாவிட்டால் அடுத்த சித்திரையைப் பார்க்கமாட்டாள் என்றார். மெட்ராஸுக்குப் போகச் சொன்னார். மெட்ராஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தவிர அந்த ஊரைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தில் அந்த அறிவிப்பு இருந்தது. அகில கொங்கு பாலுசாமிகள் பேரவை, பேரவைத் தலைவரின் மணிவிழாவை முன்னிட்டு, பாலுசாமி என்னும் பெயருடைய அறுபது பேருக்கு இலவச இருதய அறுவை சிகிச்சை நடத்துகிறது. எண்ணெய்க் கறைக்கு நடுவில் தன் பெயரைக் கண்டதும் பாலுசாமி பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

சின்னாத்தாள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பேரு வெச்ச உங்கப்பன் மகராசனா இருக்கோணும்" என்றாள்.

பேரவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் ஃபவுண்டரிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு மாடிக் கட்டிடம். வாசலில் 'இங்கு சாதி இல்லை, பெயரே சாதி' என்று பலகை இருந்தது. பலகைக்குக் கீழே இரண்டு தண்ணீர்ப் பானைகள் இருந்தன. எதில் குடிக்க வேண்டும் என்பதை ஊரையும் தெருவையும் கேட்டுவிட்டு வாட்ச்மேன் கைகாட்டினார்.

உள்ளே போன பிறகு பாலுசாமிக்கு ஒரு விஷயம் விளங்கியது. தலைவர் பாலுசாமி, செயலாளர் பாலுசாமி, பொருளாளரும் பாலுசாமி, நாற்காலி தூக்குகிறவனும் பாலுசாமி. ஒருவரைக் கூப்பிட்டால் முப்பது பேர் திரும்புவார்கள். ஆகவே அந்தப் பெயரைக் காப்பதற்கென்றே கட்டிய கட்டிடத்தில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. எண் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஃபவுண்டரி முதலாளியான தலைவர் ஒன்று. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான செயலாளர் இரண்டு. ஒன்று வந்தாச்சா, இரண்டு சாப்பிடப் போயிருக்காருங்க, என்று பேச்சு நடந்தது. சம்பளத்துக்கு இருந்த மேனேஜர் கிருபாசங்கர் ஒருவன்தான் அங்கே பெயரால் அழைக்கப்பட்டவன். பாலுசாமிகள் பேரவையில் நாள் முழுக்கக் கேட்ட ஒரே பெயர் கிருபாசங்கர்.

கிருபாசங்கர் நோட்டைப் பிரித்து, ரேஷன் கார்டைப் பார்த்து, அவனுக்கு நானூற்றுப் பதினேழு என்று எண் கொடுத்தான். பிறகு 'பாலுசாமிகள் வரலாறு, முதல் தொகுதி' என்ற புத்தகத்தைக் கையில் வைத்து, உள்ளே இருக்கிற பதினோரு பேரையும் மனப்பாடம் பண்ணினால்தான் சிகிச்சைக்குத் தகுதி என்று சொன்னான்.

பாலுசாமி எழுத்துக்கூட்டிப் படித்தான். முதலாம் பாலுசாமி ஒரு கோயிலுக்கு விளக்கெரிக்க நெய் கொடுத்தவர். கல்வெட்டில் அவர் பெயரின் முன்பாதி சிதைந்துபோயிருந்ததால், சிதைந்த பகுதி என்ன என்பதைப் பேரவை செயற்குழு கூடி ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. மூன்றாம் பாலுசாமியை வெள்ளைக்காரன் தூக்கில் போட்டான், எனவே அவர் விடுதலை வீரர். பஞ்சு வண்டியை மறித்து வண்டிக்காரன் கழுத்தை அறுத்ததற்காகத் தூக்கில் போட்டான் என்பது அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருந்தது. எட்டாம் பாலுசாமி முதல் உலகப்போரில் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு மெசபடோமியா வரைக்கும் போய், அந்நிய மண்ணில் குருதி சிந்தியவர். சீதபேதியில் சிந்தினார். பதினோராம் பாலுசாமி தலைவரின் தகப்பனார், தொழிலாளர் தோழர். கேட்டை ஒன்பது மாதம் பூட்டிப்போட்டு ஃபவுண்டரித் தொழிலாளர்களுக்கு நீண்ட ஓய்வு தந்தவர்.

பத்து நாளில் பாலுசாமி பதினோரு பேரையும் மனப்பாடம் செய்துவிட்டான். தறிக்கு முன்னால் நின்று உரக்கச் சொல்லிச் சொல்லிப் படித்தான். தறிச் சத்தத்தில் அவனுக்கும் கேட்கவில்லை, மற்றவர்களுக்கும் கேட்கவில்லை.

நேர்காணலில் செயலாளர் கேட்ட எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். செயலாளர் மகிழ்ந்துபோய், நெஞ்சில் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டார்.

"எனக்கு இல்லீங்க. என்ற சம்சாரத்துக்குங்க" என்றான் பாலுசாமி.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அறையில் இருந்த மூன்றும் நான்கும் ஏழும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி கணவனில் பாதி என்பது தமிழ் மரபு என்று மூன்று எடுத்துக்கொடுத்தார். பாதி பாலுசாமிக்குப் பாதி வால்வுதான் கொடுக்க முடியும் என்று ஏழு சொன்னார். அவர் கேலி செய்யவில்லை, விதியைச் சொன்னார். முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் செயலாளருக்குத்தான் வழி தோன்றியது. பெயர்தான் தடை என்றால் பெயரை மாற்றிவிடலாம். கெஜட்டில் போட்டுவிட்டால் சர்க்காரே ஒப்புக்கொண்ட மாதிரி. அந்த ஆபீசில் பேரவைக்கு ஆள் இருந்தது. ஆவணி முடிவதற்குள் சின்னாத்தாள், கணவர் பெயர் பாலுசாமி, இனிமேல் பாலுசாமி என்று அழைக்கப்படுவார் என்று அச்சில் வந்துவிட்டது. நானூற்றுப் பதினெட்டு அவளுடைய எண்.

அவளை நேர்காணலுக்குக் கூட்டிப்போனபோது படியேற இருபது நிமிடம் ஆயிற்று. செயலாளர் அன்பாகத்தான் ஆரம்பித்தார். "உங்க பேர் என்ன, அம்மணி?"

சின்னாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். பெயர் தெரியாமல் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் புருஷன் பெயரை அவள் ஒருதடவைகூட வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஓட்டுச்சாவடியில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லுவாள். இப்போது அதே பெயரை அவள் தலையிலும் எழுதிவிட்டு, சொல்லு என்றால் எப்படிச் சொல்லுவாள்.

"அவுங்க பேருதானுங்க" என்றாள்.

"யாருடைய பேர்?"

"ஊட்டுக்காரரு பேருங்க."

"அதைத்தான் கேட்கிறேன். வாயைத் திறந்து சொல்லுங்க."

அவள் வாயைத் திறக்கவில்லை. செயலாளர் எழுந்து நின்றார். வகுப்பில் நாற்பது வருடம் பேசிய குரல் தானாக வந்தது. "பெயரைச் சொல்லத் தயங்குபவர் பெயரை எவ்வாறு காப்பார்? மூன்றாம் பாலுசாமி தூக்குமேடையில் தயங்கினாரா? எட்டாம் பாலுசாமி கழுதைகளுக்கு நடுவே தயங்கினாரா? ஒரு வால்வைப் பெறுவதற்காகவாவது தாங்கள் நம் பெயரை உச்சரிக்கக் கூடாதா? நாங்கள் உயிரையா கேட்கிறோம்?"

மணிவிழாவுக்காக மார்கழியில் நடக்கும் ஒத்திகையின்போது, பெயர் வணக்கத்தில் வாய் திறந்து பெயரைச் சொன்னால் டிக் போடலாம், சொல்லாவிட்டால் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்று முடிவாயிற்று. பெயர் வணக்கம் என்பது பதினோரு பாலுசாமிகளுக்கும் ஆளுக்கு ஒரு நிமிடமாகப் பதினோரு நிமிடம் அசையாமல் நிற்பது. ஒவ்வொரு நிமிட முடிவிலும் பெயரைச் சொல்ல வேண்டும். நடுவில் உட்கார்ந்தவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள்.

வீட்டில் பாலுசாமி சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். கதவைச் சாத்திக்கொண்டு, இங்கே யார் கேட்கப்போகிறார்கள், ஒரே ஒருதரம் சொல் என்று கெஞ்சினான். நானே செவிடன், எனக்கே கேட்காது என்றும் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது.

"புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறையுமுங்க."

"என்ற ஆயுசு கெடக்குது புள்ள. சொல்லித் தொலையேன்."

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நா எதுக்குங்க புது வால்வு மாட்டிக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்கறது?"

அவன் எழுந்து சாத்தியிருந்த கதவைத் திறந்துவிட்டான்.

இந்த ஒத்திகையே ஐப்பசியில் நடந்திருக்க வேண்டியது. ஆபரேஷனையும் கார்த்திகையில் முடித்திருக்கலாம். தள்ளிப்போனதற்குக் காரணம், இருதயம் கெட்ட பாலுசாமிகள் மொத்தம் நாலு பேர்தான் கிடைத்திருந்தார்கள். நாலு பேருக்கு முதலில் செய்துவிடலாமே என்று பாலுசாமி மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்டான். மேடையில் தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். அவர் குரல் தழதழத்தது.

"நாலுங்கறது ஒரு நம்பருங்களா? எனக்கு வயசு அறுபதுங்க. அறுபது வயசுக்கு நாலு நெஞ்ச அறுத்தா ஊரு சிரிக்கும். ஒவ்வொண்ணா அறுத்தா யாருங்க வந்து பார்ப்பாங்க? பேப்பர்ல போடுவாங்களா? அறுபது கட்டில், அறுபது பாலுசாமி, ஒரே நாள்ல. அதுதானுங்க சரித்திரம். ஏனுங்க, நா கேக்கறேன், இந்தக் கொங்கு மண்ணுல நெஞ்சு கெட்ட பாலுசாமிக இல்லியா? அத்தன பேரும் நல்லா இருந்துபோட்டா நா எப்பிடிங்க சேவை செய்யறது?"

கூட்டம் கைதட்டியது. பாலுசாமியும் தட்டினான். அவனுக்கு உதடு சரியாகத் தெரியவில்லை, பக்கத்தில் தட்டினார்கள், தட்டினான்.

மறுநாளிலிருந்து ஜீப்புகள் கிளம்பின. சூலூர், சென்னிமலை என்று ஊர் ஊராகப் போய்ப் பாலுசாமிகளைத் தேடினார்கள். கண்டுபிடித்தவர்களை மாடிப்படியில் ஓடவிட்டு, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார்கள். வாங்கியது. எழுதிக்கொண்டார்கள். நடு நெஞ்சில் எரிகிறது என்ற ஒரு மளிகைக்கடைக்காரர், ஏப்பம் விட்டதும் போய்விட்டது என்று சொல்வதற்குள் ஐம்பத்து மூன்றாவது ஆளாகச் சேர்ந்துவிட்டார். மார்கழி பத்தாம் தேதி அறுபது நிறைந்தது. சின்னாத்தாள் அதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது.

ஒத்திகை பேரவைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், தலைவர் சாப்பிட்டு முடித்த பிறகு, உச்சிவெயிலில் நடந்தது. நோயாளிகளையும் உறுப்பினர்களையும் எண் வரிசையில் நிறுத்தினார்கள். அதனால் அவனும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நானூறு ஆண்களுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் பெண். பாலுசாமி என்று குங்குமக் கலரில் எழுதிய பட்டையை மார்பில் குத்தியிருந்தார்கள்.

முதலாம் பாலுசாமி, நெய் கொடுத்தவர், என்று செயலாளர் மைக்கில் தொடங்கினார். நிமிட முடிவில் மைதானமே ஒரு குரலாகப் பெயரைச் சொன்னது. கிருபாசங்கர் நோட்டோடு வரிசையில் நடந்துவந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். நானூற்றுப் பதினெட்டு எதிரில் வந்ததும் நின்றான். அவள் உதடு அசையவில்லை. இரண்டாவது நிமிடமும் அசையவில்லை. அவன் கெட்டவன் இல்லை. நோட்டைத் தாழ்த்திப் பிடித்து, "ஒருதரம் சொல்லிப்போடுங்க அம்மணி, டிக் போட்டுக்கறேன்" என்றான்.

கழுதை ஓட்டியவருக்கு நிமிடம் நடந்துகொண்டிருந்தபோது சின்னாத்தாளின் முழங்கால் மடங்கியது. பாலுசாமி குனிந்து பிடித்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. தரையில் உட்காரவைக்கப் போனவனைப் பின்னாலிருந்து யாரோ தட்டினார்கள். திரும்பினால் செயற்குழு ஏழு. மூன்று நிமிடம் என்று விரலைக் காட்டினார். பிறகு விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார், பட்டியலில் அடிப்பதுபோல.

பாலுசாமி மைதானத்தைப் பார்த்தான். ஏழு மாதம் அலைந்தது இந்த மூன்று நிமிடத்தில் போய்விடும் என்று கணக்குப் போட்டான். தப்பாகப் போடவில்லை, அவனுக்குக் கொடுத்திருந்த எண்களை வைத்து யார் போட்டாலும் அதுதான் வரும். அவள் இடுப்பில் கையைக் கோத்து, அவள் பாதங்களைத் தன் பாதங்கள்மேல் வைத்து, நிமிர்த்தி நிறுத்தினான். பாவு நூல் சுற்றிய கனத்த வாருபீமைத் தூக்கிப் பழகிய கை. அவள் கனமே இல்லை.

பத்தாம் பாலுசாமியின்போது அவள் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. இருபது வருடம் தறிச் சத்தத்துக்கு நடுவே அவள் உதட்டில் சோறு, தண்ணி, நூலறுந்துபோச்சு, வாங்க போலாம் என்று எத்தனையோ படித்திருக்கிறான். இந்த வார்த்தையை அந்த உதட்டில் அவன் பார்த்ததே இல்லை. அதனால் என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. அவன் பெயர்.

கிருபாசங்கர் டிக் போட்டான்.

தொழிலாளர் தோழருக்கு மட்டும் தலைவரின் உத்தரவுப்படி ஒரு நிமிடம் கூடுதலாக நின்றார்கள். எல்லாம் முடிந்து கலையச் சொன்னபோது பாலுசாமி அவளை மெதுவாகக் கீழே இறக்கினான். தகுதி பெற்றவர்கள் பட்டியலில் நானூற்றுப் பதினெட்டாம் எண் இருந்தது. மூச்சு இல்லை.

மூன்றாம் நாள் செயலாளர் காரில் கருமத்தம்பட்டிக்கு வந்தார். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிறகு, நின்றபடியே உயிர் துறந்தவர்கள் பேரவை வரலாற்றில் யாரும் இல்லை என்றும், செயற்குழு கூடி அவரைப் பன்னிரண்டாம் பாலுசாமியாக அறிவித்துவிட்டது என்றும், மணிவிழாவன்று படம் திறக்கப்படும் என்றும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது.

பாலுசாமி, படத்துக்குக் கீழே சின்னாத்தாள் என்று எழுதிவிடுங்கள், அது போதும் என்று கேட்டான். செயலாளர் வருத்தத்தோடு தலையசைத்தார். கெஜட்டில் வந்த பெயரை மாற்ற வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்க வேண்டும்.

எழுந்தவர், செருப்பைப் போட்டுக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார். அவர் உதட்டைப் பாலுசாமி கவனமாகப் பார்த்தான்.

"இப்போ அம்பத்தொம்பதுதான் இருக்குதுங்க. உங்களுக்கு நெஞ்சுல ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"இல்லீங்க" என்றான் பாலுசாமி.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. தலைவர் கட்டிலக்கூட வாங்கிப்போட்டாரு."

அவன் யோசித்துப் பார்க்கவில்லை. அறுபதாவது கட்டிலுக்குக் கடைசியில் கிருபாசங்கரை அவசர அவசரமாகக் கெஜட்டில் பாலுசாமி ஆக்கிப் படுக்கவைத்தார்கள். அன்றிலிருந்து பேரவையில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

தை பதினைந்து, மணிவிழா. பந்தலில் அறுபது கட்டில்கள், அறுபது பச்சைப் போர்வைகள். தலைவர் ரிப்பன் வெட்டினார். மெட்ராஸிலிருந்து வந்த இரண்டு டாக்டர்கள் அறுபது மார்பிலும் குழாய் வைத்துப் பார்த்தார்கள். ஐம்பத்தேழு பேருக்கு வாயு என்றார்கள். மீதி மூன்று பேரை, மெட்ராஸுக்கு வந்து வரிசையில் பெயரைப் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் எல்லோரும் எழுந்து விருந்துக்குப் போய்விட்டார்கள்.

பாலுசாமி விருந்துக்குப் போகவில்லை. படங்கள் திறந்த கூடத்துக்குப் போனான். பன்னிரண்டு ஆளுயரப் படங்கள். முதலாம் பாலுசாமிக்குக் கொண்டை, மூன்றாமவருக்குக் கழுத்தில் கயிறு, எட்டாமவருக்கு ராணுவத் தொப்பி. பன்னிரண்டு பேருக்கும் தலைவரின் முகம். வலது புருவத்துக்கு மேலிருக்கும் மச்சம்கூட அப்படியே இருந்தது.

மூலையில் பெயிண்ட் டப்பாக்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த, படங்களை வரைந்த உக்கடத்து ஓவியர் முஸ்தபா இவன் நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "நா கேட்டேனுங்கண்ணா, அந்தம்மா போட்டோ ஒண்ணு குடுங்கன்னு. பன்னெண்டுக்கும் சேத்து தலைவர் போட்டோ ஒண்ணத்தான் குடுத்தாங்க. மீசைய மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக்கன்னாங்க" என்றார். கடைசிப் படத்துக்குத் தன்னால் முடிந்தவரை சின்ன மீசையாகத்தான் வைத்ததாகவும் சொன்னார்.

பார்வையாளர்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். சென்னிமலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஒரு பெண், புருஷனோடு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசிப் படத்தில் வேட்டி கட்டி, துண்டு போட்டு, மச்சமும் மீசையுமாக நின்றுகொண்டிருந்தவரை அண்ணாந்து பார்த்தாள். கீழே எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் கைகட்டி நின்ற பாலுசாமியிடம் திரும்பி, "ஏனுங்கண்ணா, இது யாருங்க?" என்றாள்.

"என்ற சம்சாரமுங்க" என்றான் பாலுசாமி.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். இவனைப் பார்த்தாள். புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், விருந்து நடக்கும் பக்கமாக வேகமாக நடந்தாள்.